மரணப் பக்கத்தில் ஒரு வேட்பாளர்

கொழும்புத்துறை மரியரட்ணம் பயத்தில் நல்ல அனுபவசாலி. பத்திரிகைக் கந்தோரில் இருபத்தாறு வருடமாக மரண அறிவித்தல் பக்கத்தை வடிவமைப்பவர். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் பின்கதவால் ஓட வேண்டும் என்பதை யுத்தகாலத்தில் பழகினார். யுத்தம் முடிந்தது, ஓட்டம் முடியவில்லை. செத்தவர்களைப் பற்றி எழுதினால் எவரும் சுடமாட்டார்கள் என்ற தூரநோக்கில்தான் அந்தப் பக்கத்தையே கேட்டு வாங்கியிருந்தார்.

ஜனாதிபதித் தேர்தல் அவரையும் விடவில்லை. முப்பத்துச் சொச்சம் வேட்பாளர்களுக்கும் சம இடம் கொடுக்கவேண்டும் என்பது விதி. பக்கத்தில் இம்மி பிசகாமல் ஒரே அளவில் பெட்டி கட்டத் தெரிந்தவர் அவர் ஒருவரே. தமது மரண அறிவித்தல் பெட்டியையே எடுத்துப் பெயரையும் படத்தையும் மாற்றி நிரப்பினார். ஒன்றில் மட்டும் பழைய அடிவரியை நீக்க மறந்தார். அதைக் கைப்பழக்கத்தில் மரணப் பக்கத்திலேயே வைத்தும்விட்டார்.

விடியப் பேப்பரை விரித்தவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். இரண்டு அமரர்களுக்கு நடுவே வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். ‘நாட்டைக் கட்டியெழுப்புவேன்’ என்றது வாக்குறுதி. அதன் கீழே: ‘இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.’

“றெஜி, பின்படலையைத் திறந்து விடு.”

“ஏனப்பா, ஆர் வருகினம்?” என்றாள் மனைவி.

“ஆரும் வந்தால் நான் போக.”

“பேசாமல் வேலைக்குப் போங்கோ. உங்களைக் கடத்துறவன் ரெண்டு நாளிலை திருப்பிக் கொண்டந்து விடுவான்.”

பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. வந்தவர் அந்த வேட்பாளரின் முகவர் கனகரத்தினம். சாவகச்சேரிக்காரர், கதவை அடைக்கும் உடம்பு. மரியரட்ணம் கடதாசி உருளைகளுக்குப் பின்னால் மறைந்தார். ஆசிரியர் ஜெயசுதன்தான் தேடிப்பிடித்து இழுத்து வந்தார்.

“எங்கடை ஐயாவைச் சாக்காட்டினது நீரோ?”

“எனக்கு ரெண்டு பிள்ளையள்…”

“ஏன் காணும் நடுங்கிறீர்? தேர்தல் பக்கத்தை ஆர் வாசிக்கினம்? சனம் முதல் விரிக்கிறதே மரணப் பக்கத்தைத்தான். இண்டைக்குத்தான் ஐயா ஆரெண்டு ஊருக்குத் தெரிஞ்சிருக்கு. விடியத் தொடக்கம் போன் ஓயேல்லை. ரெண்டு பேர் மலர்வளையத்தோடை வந்திட்டினம். நாளைக்கும் உதிலையே போடும்!”

முகவர் போனதும் மரியரட்ணம் மூச்சு விட்டார். பாதி மூச்சுத்தான் விட்டிருப்பார், தொலைபேசி அடித்தது. ஆசிரியர் கேட்டுவிட்டு வைத்தார். உடனே மறுபடி அடித்தது.

“மரியண்ணை, மற்றாக்களும் அந்தப் பக்கத்திலை இடம் கேக்கினம். சம இடம் எண்டுதானே விதி. நாளைக்கு எல்லாரையும் போட்டுவிடுங்கோ.”

முப்பத்துச் சொச்சம் பேர். அதில் சிலருக்கு முன்னும் பின்னும் துவக்கோடு காவல். மரியரட்ணம் முதல் பெட்டியைத் திறந்தார், உடனே மூடினார். வீட்டுக்கு அழைத்தார்.

“றெஜி, அந்தப் பின்படலையைக் கழற்றியே விடு.”