கரிசலில் சிக்கிய சனி

எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள். கோவில்பட்டியிலிருந்து எப்போதும்வென்றான் வரை சூரியக் குடும்பத்தை ரோட்டோரமாக நட்டு வைப்பது என்று ஒரு கோடை விடுமுறையில் முடிவு செய்தோம். பாடப்புத்தகப் படத்தில் கோள்கள் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். நடுவில் எவ்வளவு வெற்றிடம் கிடக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடுவதே இல்லை. டவுன்பஸ்ஸில் போயாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தோம்.

கணக்கு அழகாக விழுந்தது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். தீப்பெட்டி குடோன் ஒன்றின் பக்கச் சுவரில் சூரியனை வரைந்தோம். சுவர் உயரம் போதவில்லை, ஆகவே பாதிச் சூரியன்தான். நானூறு மீட்டரில் நெல்லிக்காய் அளவில் புதன், அதற்கு அப்பால் வெள்ளி. ஒரு கிலோமீட்டரில், பஞ்சர் கடை வாசலில், சாத்துக்குடி அளவில் பூமி. மூன்று எட்டு தள்ளி கோலிக்குண்டு அளவில் நிலா. செவ்வாய் ஒரு எலுமிச்சம்பழம். ஐந்து கிலோமீட்டர் தாண்டி ஒரு கிராமத்து பஸ் ஸ்டாப்பில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்கு வியாழன். அருகிலிருக்கும் அடுத்த நட்சத்திரத்துக்கும் ஒரு பலகை வைக்கலாமே என்று மன்றத்தில் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தப் பலகையை நட நிலாவுக்குப் போகிற வழியில் பாதிக்கும் மேல் போக வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி அவ்வளவு தூரம் செல்லாது என்று விட்டுவிட்டோம்.

உருண்டைகளை எல்லாம் ஒரு வெல்டிங் பட்டறை அண்ணாச்சி தகரத்தில் செய்து கொடுத்தார். எப்போதும்வென்றானுக்கு நெப்டியூன் போனது. அது யார் ஜாதகத்திலும் இல்லாததால் அங்கிருந்து ஒரு புகாரும் வரவில்லை.

சனி என் பொறுப்பு. ஒன்பதரைக் கிலோமீட்டரில் எந்த ஊர் வருகிறதோ அந்த ஊர். பஸ் ஸ்டாப் பக்கத்தில் சிமென்ட் மேடை கட்டி, ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குத் தகர வளையத்தோடு சனியை நிறுத்தி, கீழே பெயரும் எழுதினோம். ஒரு வாரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த ஊர் உரக்கடைக்காரர், கூடவே இரண்டு பேரோடு, பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், எங்க ஊருக்கு என்ன குறை வச்சோம்னு சனியக் கொண்டாந்து எறக்கியிருக்கீய?"

தூரக் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. எங்களுக்கு முந்துன ஊருக்கு என்னது?"

"வியாழன்."

"அதாவது குரு. அவியளுக்கு குரு, எங்களுக்குச் சனி. தார் ரோடும் மொதல்ல அவியளுக்குத்தான் வந்துச்சு."

நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவர் சுவரில் ஒட்டியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. "வானத்துல இருக்கிற சனியே ரெண்டரை வருசத்துக்கு ஒருக்கா எடம் மாறுதாம்மா. நீங்க சிமென்ட் போட்டுல்லா வச்சிருக்கீய?"

அவர் சொன்னது சரி. சனி சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய முப்பது வருடம். பன்னிரண்டு ராசிக்கும் பகிர்ந்தால் ரெண்டரை வருடம்தான் வரும். சுற்றாத கோளைக் கோள் என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமே என்று எனக்கே உறுத்தியது. அன்று சாயங்காலமே கணக்குப் போட்டேன். எங்கள் அளவுப்படி கோவில்பட்டி குடோனை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால், சனி நாளொன்றுக்கு ஐந்தரை மீட்டர் நகர வேண்டும்.

இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொல்லிவிட்டேன்.

மறுநாளே மேடையை உடைத்து, ஒரு பழைய டயர் வண்டியில் சனியை ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்தரை மீட்டர் வீதம் போனாலும் மழைக்கு முன்னால் ஊர் எல்லையைத் தாண்டிவிடும் என்று உரக்கடைக்காரர் கணக்குப் பார்த்துவிட்டார். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதில் மட்டும் ஒரு சிக்கல். ஊர் குடோனுக்குக் கிழக்கே இருப்பதால் வடக்கே தள்ள வேண்டும் என்றேன்.

"அப்படின்னா சூரியன இடமால்லா சுத்துது? சாமியச் சுத்துறாப்ல வலமாச் சுத்தாதா?"

"தென்துருவத்துப் பக்கமிருந்து அண்ணாந்து பாத்தா வலமாத்தான் தெரியும், அண்ணாச்சி."

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. தினமும் காலையில் டீ குடித்துவிட்டு மூன்று பேரும் போய், கயிறு பிடித்து அளந்து, தள்ளிவிட்டு வருவார்கள். அந்த ஊரில் அதுவரை எந்த வேலையும் அவ்வளவு ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் போன் செய்தார்.

"டீச்சர், நாளைக்கு சாத்தூர்ல ஒரு கல்யாணம். ரெண்டு நாளுக்கும் சேத்து இன்னைக்கே தள்ளிக்கிடலாமா?"

"கூடாது அண்ணாச்சி. போயிட்டு வந்து தள்ளுங்க."

வியாழன் ஊருக்கும் செய்தி போனது. நீங்களும் தள்ளுங்கள் என்று நான் கேட்டதற்கு, குருவை எதற்கு அசைக்க வேண்டும், வந்தவர் இருக்கட்டும் என்று மறுத்துவிட்டார்கள். அதன் முன்னால் நின்று மாப்பிள்ளையும் பெண்ணும் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

ஆவணி கடைசியில் சனி ஊர் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊர் அக்கா ஒருத்தியின் தரிசு நிலத்துக்குள் நுழைந்தது. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. உரக்கடைக்காரர் தினமும் தள்ளுவதாகச் சத்தியம் செய்தார். நேரில் போய்ப் பார்த்தேன். அக்கா வண்டியின் மறுபக்கம் நின்று தெற்கே இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"காலைல அவிய தள்ளுதாவ. சாயங்காலம் நான் இழுத்து விடுதேன். பஞ்சாங்கத்துல சனி வக்கிரம்னு போட்டிருக்கு, பாருங்க. பின்னால போற மாசமாம்."

அதுவும் சரிதான். நான் அங்கேயே நின்று விளக்கினேன். பூமி வேகமாகப் போய் சனியை முந்துகிறது. பஸ்ஸில் போகும்போது ரோட்டோரத்து மாட்டுவண்டி பின்னால் போவது போலத் தெரியும் இல்லையா, அதுபோல இது வெறும் தோற்றம். இதற்குள் உரக்கடைக்காரரும் வந்து சேர்ந்திருந்தார்.

"தோணுது மட்டுந்தான? பின்ன இந்தம்மா ஏன் நெசமா இழுக்குது?"

"நீரு ஏன் நெசமா தள்ளுதீரு?" என்றாள் அக்கா.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சனி பெரிசே தவிர கனமில்லை, அதைப் போட ஒரு பெரிய குளம் கிடைத்தால் தண்ணீரில் மிதக்கும் என்றேன். இருவருமே அதை ரசித்தார்கள். சண்டை அன்றைக்கு அதோடு நின்றது.

புரட்டாசியில் மழை பிடித்தது. கரிசல் நனைந்தால் செருப்பையே விடாது, வண்டியை விடுமா? இரண்டு சக்கரமும் அச்சு வரைக்கும் புதைந்தன. சனியை இழுக்க ஒரு டிராக்டர் வந்தது. டிராக்டரை இழுக்க இன்னொரு டிராக்டர் வந்தது. சேறு அப்பிய வேட்டியோடு உரக்கடைக்காரர் என்னிடம் வந்து, மிகவும் வருத்தமாகச் சொன்னார். "மிதக்கும்னீயளே, டீச்சர்."

விதைக்கிற ஈரம் தப்பிவிடும் என்று அக்கா சனியை அப்படியே விட்டுவிட்டு, சுற்றி மக்காச்சோளம் விதைத்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் அந்த ரோட்டில் பஸ்ஸில் போனால் எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

கார்த்திகை வாக்கில் கதிர் பிடிக்கிற நேரம். அந்தப் பக்கம் முழுக்கக் காட்டுப்பன்றி இறங்கியது. ஒவ்வொரு சோளக்காடும் உழுது போட்டதுபோலக் கிடந்தது. அக்காவின் காட்டில் மட்டும் ஒரு தட்டை சாயவில்லை. வாடைக்காற்றில் சனியின் வளையம் விடிய விடியத் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பன்றிகளுக்கு அது பிடிக்கவில்லை.

உரக்கடைக்காரர் முதல் ஆளாக வந்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. அது எங்க ஊர் சனிதான?"

அக்கா விடவில்லை. "தள்ளி விட்டது நீருதான? இப்ப என்ன ஒட்டுதல்?"

பட்டறை அண்ணாச்சி போன் செய்து சிரித்தார். சனி கேட்டு ஆட்கள் வரிசையாக வருகிறார்களாம், புதூர்ப் பக்கமிருந்துகூட. "உருண்டை வேண்டாம், வளையம் மட்டும் போதும்கிறாவ டீச்சர். போடலாமா?" வளையம் இல்லாத உருண்டை எப்படிச் சனியில்லையோ, அப்படியே உருண்டை இல்லாத வளையமும் சனியில்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் முழுதாகவே செய்து கொடுத்தார். அந்த வருடம் கோவில்பட்டிக்குக் கிழக்கே எத்தனை சனி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மன்றத்து நண்பர்கள் கேட்டபோது பேச்சை மாற்றினேன்.

அறுவடை முடிந்து, மாசியில் அக்காவே கூப்பிட்டு அனுப்பினாள். கோபம் போயிருந்தது. பள்ளிக்கூடத்துத் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு போனேன். பொழுது விழுந்ததும் மேற்கே தாழ்வாக உண்மையான சனி தெரிந்தது. தட்டை அறுத்த காட்டில் முக்காலியை ஊன்றி, குறி வைத்து, பார்க்கச் சொன்னேன். ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா? வளையம் ஒரு கோடாட்டம்லா இருக்கு."

"இப்ப நமக்குப் பக்கவாட்டா நிக்குதுக்கா. இன்னும் சில வருசம் போனா விரிஞ்சு தெரியும்."

"இத யாரு தள்ளுதா?"

"யாரும் தள்ளலக்கா. தானாப் போகுது."

"குடுத்து வச்சது" என்றாள். பிறகு பதறினாள். "டீச்சர், ஓடுது! ஓரத்துக்குப் போயிட்டுது!"

அது ஓடவில்லை, நாம்தான் சுழல்கிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் தலையைத் தூக்கி, வரப்பில் ஆடுகளை மடக்கிக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏட்டி, ஆட்ட விட்டுட்டு வெரசா வா! போகப் போகுது!"