ரைசானின் பெயர் இருந்த பட்டியல்

ரைசானை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். நான் எங்கள் வட்டார மின் அலுவலகத்தில் வண்டி ஓட்டுகிறவன். ஏணியோடும் கம்பிச் சுருளோடும் அந்த வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வருகிற லைன்மேன் அவர். பஸ்ராவுக்குத் தெற்கே பேரீச்சந் தோப்புகளுக்கு நடுவே போகிற லைன்களில் அவர் ஏறாத கம்பம் ஒன்றிருந்தால் அது போன வாரம் நட்டதாக இருக்கும்.

வண்டி ஓட்டுகிற நான் நிரந்தரம். கம்பம் ஏறுகிற அவர் தினக்கூலி. ஆபத்துப் படி எனக்கு வருகிறது, அவருக்கு இல்லை. மாதம் முழுக்க வேலை செய்தால் அவர் கையில் மூன்று லட்சம் தினார். எனக்கு அதைப்போல இரண்டரை மடங்கு. இதைக் கோபமாகச் சொல்ல மாட்டார். வண்டியை விட்டு இறங்கும்போது, "ஸ்டியரிங் ஏதாச்சும் ஷாக் அடிச்சா கூப்பிடுங்க அபூ தைசீர், ஓடி வந்துடுறேன்" என்பார். சிரிப்பதா தலையைக் குனிவதா என்று எனக்குத் தெரியாது. அபூ என்றால் அப்பா; மூத்த பிள்ளையின் பெயரோடு சேர்த்துக் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

ஒவ்வொரு வருஷமும் தினக்கூலிகளை நிரந்தரமாக்குவதாகச் சொல்வார்கள். இவர்களும் அலுவலக வாசலில் கூடாரம் போட்டு உட்காருவார்கள். யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார். அந்த வருஷம் ஜூலையில் உண்மையாகவே ஒரு பட்டியல் வந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து பதினெட்டுப் பேர். ஆறாவது பெயர் ரைசான். ஒன்பதாவது, அவரோடு ஏறுகிற ஃபலாஹ். துணை மேலாளர் முஹைமின் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமை மேலே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. ரைசானின் மனைவி விஜ்தான் அன்று எங்கள் எல்லோருக்கும் ஏலக்காய்ப் பலகாரம் சுட்டு அனுப்பினாள். ஃபலாஹின் மனைவி அப்போது எட்டு மாதக் கர்ப்பம். அவன் ஒன்றைத் தின்றுவிட்டு இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

புதன்கிழமை காலை நஹ்ர் சல்மான் கிராமத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. கால்வாயோரம் பதினோராயிரம் வோல்ட் லைனில் கம்பியைத் தாங்குகிற ஒரு பீங்கான் வெடித்துக் கம்பி தொங்கிப் போயிருந்தது. வெயில் ஐம்பதைத் தாண்டியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் நாற்பது ஐம்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் ஜன்னல் வழியே கையை விட்டு வண்டிச் சாவியை உருவிக்கொண்டான்.

"லைட் எரிஞ்சதும் சாவி கிடைக்கும், கண்ணு. அதுவரைக்கும் நீங்க எங்க விருந்தாளி" என்றான்.

கூட்டத்துக்கு முன்னால் நின்றவர் ஹஜ்ஜி தாஹிர் என்ற முதியவர். கத்தவில்லை, ஆனால் கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. "என் அண்ணன் பொண்டாட்டியை நேத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். வெக்கைல சுருண்டு விழுந்துட்டா. பேச்சு வேண்டாம், ஏறுங்க."

"ஏறத்தான் வந்திருக்கோம், ஹஜ்ஜி" என்றார் ரைசான். "பத்து நிமிஷம் கொடுங்க."

அலுவலகத்தில் பொறியாளர் இன்திஸார் அம்மா அந்த லைனை நிறுத்திவிட்டதாகப் போனில் உறுதி சொன்னார். அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர்கள் எல்லாவற்றின் பியூஸையும் ரைசானும் ஃபலாஹும் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பிறகு ரைசான் பாதிக் கம்பம் ஏறி, சோதனைக் கோலை நீட்டிக் கம்பிக்குப் பக்கத்தில் காட்டினார்.

கோல் கூவியது. சிவப்பு விளக்கு மினுங்கியது.

இறங்கி வந்து கோலைச் சரிபார்த்து மறுபடி ஏறினார். மறுபடியும் கூவியது.

"நிறுத்தின லைன்ல எப்படிய்யா கரண்ட் இருக்கும்?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், "பொம்மையைக் காட்டி ஏமாத்துறான். காசு எதிர்பாக்குறான் போல. கேட்டுத் தொலையேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றான்.

ரைசான் அவனைப் பார்க்கவே இல்லை. என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "யாரோ ஜெனரேட்டர் ஓட்டுறாங்க அபூ தைசீர். வீட்டு ஜெனரேட்டர் இல்ல, பெருசு. டிரான்ஸ்பார்மர் வழியாத் திரும்பி லைன்ல ஏறுது. ஆனா நம்ம தாள்ல இருக்கிற டிரான்ஸ்பார்மரை எல்லாம் கழட்டியாச்சே."

அப்போது தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண், அபாயாவின் நுனியைப் பல்லில் கடித்தபடி நிற்காமலே சொன்னாள்: "நாயிஃபோட நல்ல தண்ணி ஆலைக்குப் பின்னாடி ரெண்டு மாசமா ஒரு புதுப் பெட்டி தொங்குது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

எங்கள் ஊரில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீரை இந்த மாதிரி ஆலைகளில்தான் வாங்க வேண்டும். அதனால் ஆலைக்காரன் என்றால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஃபலாஹைக் கம்பத்தடியில் விட்டுவிட்டு நானும் ரைசானும் தோப்பு வழியே நடந்தோம். முந்நூறு அடி போவதற்குள் ஜெனரேட்டர் உறுமுவது கேட்டது. சுவருக்குப் பின்னால், ஓலைகளுக்கு நடுவே, எங்கள் தாளில் எங்குமே இல்லாத ஒரு டிரான்ஸ்பார்மர்.

நாயிஃப் கதவை மறித்துக்கொண்டு நின்றான். முப்பது வயதுக்காரன், சுத்தமான வெள்ளை அங்கி, பக்கத்தில் இரண்டு ஆட்கள்.

"உங்க மிஷினை நிறுத்த வேண்டாம்" என்றார் ரைசான். "வெளிப்பக்கம் மூணு பியூஸ் இருக்கு. அதைக் கழட்டிட்டுப் போயிடுறேன். உங்க தண்ணி ஒரு சொட்டு நிக்காது."

"எந்த பியூஸ்? இங்க டிரான்ஸ்பார்மரே இல்லையே."

"நான் பாத்துக்கிட்டே பேசுறேன்."

"அப்ப கண்ணை மூடிக்க. உங்க பெரியவர்கிட்ட பேசி முடிச்ச விஷயம் இது. அவரைக் கேளு."

கேட்கத் தேவையே இல்லாமல் போயிற்று. ரைசானின் போன் அடித்தது. முஹைமின். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்கிற அளவுக்குக் குரல்.

"அங்க என்ன பண்றே? கம்பத்துக்குப் போ. ஆலை மிஷினை நிறுத்தச் சொல்லிட்டேன், நிறுத்தியாச்சு. ஏறு."

"அது ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் பேசுறேன், உஸ்தாத்."

பிறகு முஹைமின் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு எல்லாம் கேட்கவில்லை. 'நாளைக்கு', 'கையெழுத்து', 'உன் பொண்ணுங்க' என்று மூன்று வார்த்தை மட்டும் விழுந்தது. ரைசான் நாற்பத்தொரு வயதுக்காரர், மூன்று பெண் பிள்ளைகள். இந்த வேலைக்கு அதற்கு மேல் எத்தனை வருஷம் முட்டி தாங்கும் என்று அவருக்கே தெரியும்.

"முடியாது, உஸ்தாத்" என்றார்.

போன் துண்டானது. அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு நாயிஃபைப் பார்த்தார். "வாங்க, என்கூட. அந்தக் கம்பியை நீங்க ஒரு விரலால தொடுங்க. அப்புறம் நான் ஏறுறேன்." நாயிஃப் கதவை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் கூட்டம் இருந்த பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. ஏன் தட்டுகிறார்கள் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. ரைசானுக்குப் புரிந்துவிட்டது. ஓட ஆரம்பித்தார். அந்த வெயிலில் அப்படி ஓடியவரை நான் பார்த்ததில்லை.

ஃபலாஹ் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான். ரைசான் முடியாது என்றதும் முஹைமின் அவனைப் போனில் கூப்பிட்டு ஏறச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போவதற்குள் முக்கால் கம்பம் போய்விட்டான். கீழே ஆட்கள் அவனைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபலாஹ், இறங்கு" என்று ரைசான் கத்தினார்.

"மிஷினை நிறுத்தியாச்சு, அபூ வாஃபியா" என்று மேலிருந்து ரைசானுக்குப் பதில். "அவரே சொன்னாரு."

"நான் அங்கிருந்துதான் வர்றேன். ஓடுது."

ஃபலாஹ் நிற்கவில்லை. அவனுக்குக் கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா, அதை அவனே பின்னால் என்னிடம் ஒரு மாதிரியும் இன்னொருவரிடம் வேறு மாதிரியும் சொன்னான்.

ரைசான் பெல்ட் கட்டிக்கொள்ளவில்லை. அப்படியே ஏறினார். கூட்டத்திலிருந்து ஒருவன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான், சட்டை கிழிந்தது. இரும்புக் கம்பம் வெயிலில் கொதித்துக் கிடந்தது, கையுறையும் இல்லை. ஃபலாஹின் பூட்ஸை எட்டிப் பிடித்தபோது அவன் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு ஆள் கை நீளம்தான் இருந்தது.

"காலை விடு ரைசான். ரெண்டு பேரும் விழுவோம்."

"விழுவோம். விழுந்தா கை கால்தான் உடையும்."

"அடுத்த மாசம் எனக்குப் புள்ள பிறக்குது. நான் இன்னிக்கு ஏறலைன்னா பேரை அடிச்சிடுவேன்னு சொல்றாரு."

"தெரியும். என் பேரை அடிச்சாச்சு" என்றார் ரைசான். பிறகு கீழே பார்த்து, "அபூ தைசீர், கோல்" என்றார்.

கோலை முழு நீளத்துக்கு இழுத்து மேலே நீட்டினேன். பாதி தூரத்தில் கனம் தாங்காமல் சாய்ந்தது. யாரோ பின்னாலிருந்து கை கொடுத்து அதை நிமிர்த்தினார்கள். திரும்பிப் பார்த்தால் ஹஜ்ஜி தாஹிர். ரைசான் ஒரு கையால் ஃபலாஹின் காலைக் கம்பத்தோடு சேர்த்து அணைத்தபடியே இன்னொரு கையால் கோலை வாங்கி, அவன் தோளைத் தாண்டி உயர்த்தினார்.

அது கூவிய கூவல் கால்வாயின் அந்தக் கரை வரைக்கும் கேட்டிருக்கும். கைதட்டியவர்கள் கை அப்படியே நின்றது. ஃபலாஹ் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். கீழே இறங்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் ரைசான்தான் அவன் பாதத்தைப் பிடித்து வைத்தார். தரையைத் தொட்டதும் வாந்தி எடுத்தான்.

ஹஜ்ஜி தாஹிர் ரைசானின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் வெந்து கொப்புளித்திருந்தது. "இது யாரோட கரண்ட்?" என்று கேட்டார்.

"எங்க தாள்ல இல்லாத ஒரு டிரான்ஸ்பார்மரோடது" என்றார் ரைசான். "நாயிஃப் கதவைத் திறக்க மாட்டேங்கிறார்."

"அப்பாஸ் மேல சத்தியமா, இப்பத் திறப்பான்" என்று எங்கள் பக்கத்தின் பெரிய சத்தியத்தைச் செய்துவிட்டு ஹஜ்ஜி நடந்தார். அவருக்குப் பின்னால் முழுக் கூட்டமும் போயிற்று. அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் போனபோது கதவு திறந்திருந்தது, நாயிஃப் வெள்ளை அங்கியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தான். ரைசான் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று பியூஸையும் கழட்டினார். ஆலை நிற்கவில்லை. குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டேதான் இருந்தது.

அதற்குப் பிறகு சோதித்தார்கள், எர்த் கட்டினார்கள், புதுப் பீங்கான் வைத்தார்கள். ஏறியது ஃபலாஹ்தான். ஏறுகிற நிலையில் ரைசானின் கை இல்லை. கீழே நின்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு ஊரில் மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்தன. சாவியை உருவியவன் அதைத் தர்பூசணிக் கீற்றோடு ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, பழம் ரொம்ப இனிப்பு என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை பட்டியல் போயிற்று. பதினேழு பேர். ரைசான் மேலதிகாரி உத்தரவை மறுத்ததாகவும் பழுது நீக்கத்தைத் தாமதப்படுத்தியதாகவும் ஒரு குறிப்பு. ஃபலாஹின் பெயர் அப்படியே இருந்தது. வேலை நடந்தது, ஏறியது அவன் என்றுதானே தாளில் இருக்கிறது.

விஜ்தானுக்கு இதை ரைசான் சொல்லவில்லை. நான்தான் சொல்லும்படி ஆயிற்று. அவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "கம்பத்துல நான் இருந்திருந்தா விட்டிருப்பாரா அண்ணே?" என்றாள். "மாட்டார்" என்றேன். "அப்ப நான் என்னத்தைப் பேச" என்று உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் அவரோடு அவள் பேசவில்லை என்றும் கேள்வி.

இன்திஸார் அம்மா மறுநாளே நஹ்ர் சல்மானுக்குப் போய் அந்த டிரான்ஸ்பார்மரைப் படம் எடுத்து, தன் கையெழுத்தோடு அறிக்கை எழுதினார். விசாரணைக் குழு வைத்தார்கள். சாட்சிக்கு நான் போனேன். ஃபலாஹையும் கூப்பிட்டார்கள். முதல் தடவை அவன் போகவில்லை, உடம்பு சரியில்லை என்றான். இரண்டாம் தடவை போனான், பிறந்து பத்து நாளான மகனின் துணிமணி வாங்கிய பையோடு. என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. வெளியே வந்து என்னிடம் தீப்பெட்டி கேட்டான், பற்றவைக்காமல் நின்றான். மாதக் கடைசியில் முஹைமினை வேறு ஊருக்கு மாற்றினார்கள், அதே பதவியில்.

அதற்குள் ரைசான் பொறுமை போய் சமாவா பாலைவனத்தில் கோபுர லைன் இழுக்கிற ஒரு தனியார் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்துவிட்டார். சம்பளம் பன்னிரண்டு லட்சம். நான்கு மடங்கு. ஓய்வூதியம் கிடையாது, காப்பீடு கிடையாது, லைன் முடிந்தால் வேலையும் முடிந்தது. பதினான்கு மாதத்தில் முடிந்தது. அந்தப் பணத்தில் மூத்தவளைச் செவிலியர் கல்லூரியில் சேர்த்தார், வீட்டுக்குக் கூரை போட்டார்.

திரும்பி வந்தபோது அலுவலகத்தில் அவருக்கு நிரந்தரம் தரவில்லை. 'ஒப்பந்தம்' என்று நடுவில் ஒரு படியை உண்டாக்கி அதில் போட்டார்கள். மாதச் சம்பளம் உண்டு, ஓய்வூதியத்துக்குப் பிடித்தமும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் குமாஸ்தாவிடம், "ஆபத்துப் படி?" என்று கேட்டார்.

"அது நிரந்தரத்துக்குத்தான். ஒப்பந்தத்துக்குக் கிடையாது."

"கரண்டுக்கு அது தெரியுமா?"

குமாஸ்தா பேனாவை நீட்டினான். ரைசான் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவரும் அதே மாதிரி இருக்கிற இன்னும் இருபத்திரண்டு பேரும் அந்த ஆபத்துப் படிக்காக வழக்குப் போட்டிருக்கிறார்கள். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது ஃபலாஹுடையது. அவன் நிரந்தரம், அவனுக்கு இந்தப் படி ஏற்கனவே வருகிறது. வக்கீல் அவன் கையெழுத்து செல்லாது என்று அடித்துவிட்டார். போன மாத விசாரணையில் நீதிபதி வரவில்லை. அடுத்த தேதி பதினாலாம் தேதி. கோர்ட்டுக்கு வண்டியை நான்தான் எடுக்கிறேன்.