நானூறு பார்வையாளர்களும் எட்டு கோர்களும்

போத்தனூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தய வீடியோ கேம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். பாதையோரம் கைதட்டும் நானூறு பார்வையாளர்களை அசைப்பது என் வேலை. அவர்கள் வந்ததும் கேம் திணறியது. நொடிக்கு அறுபது படம் ஓட வேண்டிய இடத்தில் நாற்பதுதான் ஓடியது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் ஐம்பது பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று டீம் லீடர் சொல்லியிருந்தார்.

பிராசஸரில் எட்டு கோர்கள், ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் எட்டு மூளைகள் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் ஐம்பது பேரைப் பிரித்துக் கொடுத்தேன். எத்தனை கைதட்டல் என்று ஒவ்வொரு கோரும் தனியாக எண்ணும். ஒன்றின் எண்ணை மற்றது தொடாது. ஓட்டிப் பார்த்தால் இருபத்துமூன்று படம்.

பார்வையாளர்களின் முகங்களை வரைந்தவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அத்தனையும் அவள் சொந்தக்காரர்களின் முகங்கள்.

"ஏனுங்க அம்மணி, எட்டுப் பேர உட்டும் ஒருத்தர் செய்யற வேல ஆகலீங்களா? எங்க மாமனையாவது உட்டு வெய்யுங்க."

நான் காகிதத்தில் எழுதினேன். ஒன்று, கணக்குத் தப்பில்லை. இரண்டு, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மூன்றாவதாக எழுத ஒன்றும் இல்லை.

தவற்றைத் தேட, நினைவகத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே யார் எப்போது தட்டினார் என்ற நீளக் குறிப்பைச் சேர்த்தேன். வேலை கூடியது, படமோ அறுபதைத் தாண்டியது. குறிப்பை அழித்தேன். மறுபடி இருபத்துமூன்று. மூன்று முறை இப்படியே ஆனது.

குறிப்பு இருக்கும்படியே கேமை லீடரிடம் காட்டினேன். நன்றாகத்தான் ஓடியது. ஏன் என்று கேட்டார்.

"எனக்கே தெரியலீங்க."

"தெரியாதத வெளிய அனுப்ப முடியாதுங்க. ஆறு மணி வரைக்கும் பாருங்க."

ஐந்தரை மணிக்கு, குறிப்புகளுக்குப் பதில் அதே அளவு வெற்றிடம் விட்டுப் பார்த்தேன். அறுபது வந்தது. அப்படியானால் இடைவெளிதான் காரணம். தேடிப் படித்ததும் புரிந்தது. கோர் நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை மட்டும் எடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பதையும் கட்டாக எடுக்கிறது. இடைவெளி இல்லாதபோது எட்டு எண்களும் ஒரே கட்டில் இருந்தன. ஒன்று தன் எண்ணை மாற்றினால் மற்ற ஏழின் கையில் இருக்கும் கட்டும் பழசாகிவிடும். உடனே அவை புதிதாக எடுத்து வர வேண்டும்.

நான் எழுதிக் கொடுத்த காரணத்தை லீடர் படித்துவிட்டு, நானூறும் இருக்கட்டும் என்றார். பிறகு இடைவெளி விடாததையும் தன் பழைய கணினியில் ஓட்டிப் பார்த்தார். அதில் அப்படியே அறுபது வந்தது.

நான் சொன்ன காரணப்படி அது நடந்திருக்கக் கூடாது. நான் காகிதத்தில் மூன்று என்று எழுதி, அருகே கேள்விக்குறி போட்டேன்.