நஷ்டத்திலும் பங்கு

ஷேர் என்றால் இறால் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். காசிமேட்டில் பிறந்த அஞ்சாம் வகுப்புப் பையன் வேறு எதை நம்புவான்? நைனா, அதாவது என் அப்பா, இறால் பண்ணைக் கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கியிருந்தார். பங்கு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். கரைக்கு வந்த மீனை ஏலம் விட்டு, டீசலுக்கும் ஐஸுக்கும் கழித்து, மீதியைப் போட்டுக்காரருக்கும் ஆட்களுக்கும் பிரிப்பது. கூடவே ஆளுக்குக் குழம்புக்கு ஒரு பிடி மீன். ஆகவே மாசம் பிறந்தால் கம்பெனி வண்டி எங்கள் சந்துக்குள் வந்து கூடை இறாலை இறக்கிவிட்டுப் போகும் என்று வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன். ஒருத்தனுக்கு முன்கூட்டியே அதில் ஒரு பிடி என்று வாக்குக் கொடுத்து, அவன் பம்பரத்தை வாங்கிப் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய முதல் நிதி நிறுவனம் அதுதான்.

யோசனையைக் கொண்டுவந்தது சித்தப்பா. துறைமுகத்தில் கிளார்க். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நடக்கிற ஒரே உறவுக்காரர் என்பதால், பணத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது என்று குடும்பமே முடிவு கட்டியிருந்தது. அப்போதெல்லாம் பாரிமுனை நடைபாதையில் ஷேர் விண்ணப்பங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். தன் சின்ன பைபர் போட்டுக்குப் புது என்ஜின் வாங்க நைனா சேர்த்துவைத்திருந்த பணம் அவர் கண்ணில் பட்டிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, காச பொட்டில பூட்டி வெச்சிகினு கீறியே, உள்ள குட்டியா போடும்?"

"பேங்குல போடலாம்னு கீறேன்."

"பேங்கு இன்னாத்துக்கு? இது இறாலு கம்பெனி. நம்ம சரக்கு. லாபத்துல உனக்கும் பங்கு."

நைனாவுக்கு வட்டிக் கணக்கு தெரியாது, ஷேர் தெரியாது. பங்கு தெரியும்.

"பங்குன்னா சரிடா. எல்லாத்தையும் போட்டுடு."

எல்லாத்தையும் போடாதே என்றுதான் இன்றைக்குப் பணத்தைப் பற்றிப் பேசுகிற அத்தனை பேரும் ஆரம்பிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்த வருஷம் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. குளம் குளமாகச் செத்து மிதந்ததாம். அந்தக் கம்பெனி முழுகிப்போச்சு என்று ஏலம் விடுகிற இடத்தில் பேச்சு. சித்தப்பாவும் அதில் பணம் போட்டிருந்தார். வெட்கமோ பயமோ, எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். நைனா தனியாக பஸ் ஏறி கம்பெனி ஆபீஸுக்குப் போனார். பூட்டு தொங்கியது, வாசலில் கூட்டம். கோடிக்கணக்கில் நஷ்டம் என்று யாரோ சொன்னதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு திரும்பினார். சாப்பிட உட்கார்ந்தவர் என்னைக் கேட்டார்.

"கோடிக்கு எத்தினி சைபருடா?"

"ஏழு நைனா."

பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

போட்டில் லாபத்துக்கு மட்டும் பங்கு கிடையாது. மீன் சரியாகப் படாமல் டீசல் காசுகூட வராவிட்டால், அந்தக் குறையும் எல்லார் தலையிலும் பங்காக விழும். அடுத்த முறை பிடித்துக்கொள்வார்கள். லாபத்துக்குக் கை நீட்டியவன் நஷ்டத்தில் நழுவினால் அப்புறம் எந்தப் போட்டிலும் அவனை ஏற்றமாட்டார்கள்.

"லாபம் வந்திருந்தா வாங்கியிருப்போம்ல?" என்றார் நைனா அம்மாவிடம். "இப்ப நஷ்டத்துல நம்ம பங்க கேட்டுகினு கம்பெனிக்காரன் வருவான்."

"வந்தா வரட்டும். எடுத்துகினு போவ இங்க இன்னா கீது?"

"போட்டு கீதே."



எனக்கு அன்று பிடித்த உதறல் லேசில் விடவில்லை. கம்பெனிக்காரன் வருவான், பணம் இல்லை என்றால் நைனாவை ஜெயிலில் போடுவான், பையன் என்பதால் என்னையும் கூடவே போடுவான். ஆகவே சந்து முனையில் காவல் நின்றேன். வீரத்தினால் அல்ல, அங்கிருந்து ஓடுவது சுலபம். ஒருநாள் தோல்பை மாட்டிய ஆள் ஒருவர் எங்கள் கதவு எண்ணைச் சொல்லி வழி கேட்டார்.

"எங்க நைனா ஷேரெல்லாம் வாங்கல சார். அவுருக்கு எழுதப் படிக்கவே வராது. அவுரு செத்தே ரொம்ப நாளாச்சு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரண்டு மீட்டர் எங்கடா கீது?"

செத்துப்போன நைனா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து மீட்டரைக் காட்டினார்.

கொஞ்ச நாளில் போட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் பக்கத்துச் சந்துக்காரர். கேட்டு வருகிறவனை வாசலில் நிற்கவைக்கக் கூடாது, கையோடு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அக்காவுக்குக் காய்ச்சல் முற்றியபோது அம்மா அதிலிருந்து கொஞ்சம் கேட்டாள். "அது நம்ம காசு இல்ல" என்றவர், வெளியே போய்க் கடன் வாங்கி வந்தார்.

போட்டு அதே இடத்தில்தான் நின்றது. நைனாவும் அதே போட்டில்தான் கடலுக்குப் போனார். ஆகவே எதுவும் மாறவில்லை என்றே நினைத்தேன். ஒன்றுதான் விளங்கவில்லை. எப்போதும் பின்னால் என்ஜினைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர், இப்போது ஏன் முன்னால் வலைமேல் உட்கார்ந்து போகிறார்? கேட்டேன்.

"இங்க காத்து நல்லா வருது" என்றார். நம்பினேன்.

கம்பெனிக்காரன் வரவில்லை. வருஷங்கள் போயின. போட்டு விலை ஏறியது, என்ஜின் விலை ஏறியது, பெட்டிக்குள் இருந்தது மட்டும் வைத்தபடியே இருந்தது. இனி வரமாட்டான் என்று நைனா மனசைத் திடப்படுத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தபோது, அந்தப் பணத்துக்கு ஒரு என்ஜின்கூட முழுசாக வராது என்றார்கள். கடைசிவரைக்கும் அடுத்தவர் போட்டில் கூலிக்கே போனார்.

நான் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது தாண்டிய பிறகுதான், மாசம் கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று துணிந்து பேங்குக்குப் போனேன். அங்கிருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். சின்னத் தொகையில் ஆரம்பியுங்கள், ஆஸ்பத்திரி செலவுக்கு வேண்டியதைத் தனியாக வையுங்கள், இறங்கினால் பதறி எடுத்துவிடாதீர்கள். எதுவும் என் காதில் ஏறவில்லை. ஏசி அறையில் வேர்த்துக்கொண்டு கேட்டேன்.

"நஷ்டம் வந்தா வூட்டுக்கு ஆளு அனுப்புவீங்களாம்மா?"

"எதுக்கு சார்?"

"எங்க பங்கு நஷ்டத்த வாங்கிகினு போவ."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "போட்டது குறையலாம் சார், முழுசாவே போகலாம். அதுக்கு மேல உங்ககிட்ட யாரும் ஒரு பைசா கேக்க முடியாது. கம்பெனி ஷேரும் அப்படித்தான்."

"இது எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அப்படித்தான் சார்."

நைனா போய்ச் சேர்ந்து அப்போது இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. அந்தக் கம்பெனி அவரிடம் எதையும் கேட்டிருக்க முடியாது. யாருக்கும் தரவேண்டியிராத பணத்துக்காக அவர் போட்டை விற்றிருந்தார்.