தாமரைக் காசும் பக்கத்து வீட்டுச் சுவரும்

கொரட்டூர் ஏரியை ஒட்டி மேனாம்பேடு பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் பதினோரு தாமரைக் காசுகள் உரசிக்கொண்டே வந்தன. பித்தளை நிறத்தில், ஒரு பக்கம் தாமரைப் பூ போட்ட அந்தப் பழைய இருபது பைசா. அவற்றை ஒரு மாடி வீட்டில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் காசு சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவார்கள். அன்று எனக்கு அங்கே உட்கார இடம் கிடைக்கவில்லை.

அவர்களுடைய வாட்ஸ்ஆப் குழுவில் நான் மூன்று மாதமாக இருந்தேன். கூட்டத்துக்கு வர ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதலில் ஒரு காசைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். வருஷத்துக்குக் கீழே, எந்த ஊரில் அடித்த காசு என்று காட்டும் சின்னக் குறி இருக்கும். அது தெளிவாகத் தெரிந்தால்தான் வரச் சொல்வார்கள். போலிக் காசைத் தள்ளிவிட வந்தவர்களால் ஏற்பட்ட வழக்கம் அது. நான் போட்ட படங்களில் காசு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வெளிச்சம்தான் இருந்தது. சரி, காசையே கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று கிளம்பினேன். பளிச்சென்று இருக்கட்டும் என்று முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்தும் வைத்தேன்.

நான் கையை விரித்ததும் ஆட்டோ ஓட்டும் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஆயுத பூஜைக்குத் தேச்சுகினு வந்துகீறியா?"

"புளி போட்டுத் தேச்சேன். பளபளன்னு இருந்தாத்தான் நல்லாத் தெரியும்னு..."

"பொட்டு வெக்க மறந்துட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

சிரிக்காதவர் அந்த வீட்டுக்காரம்மா மட்டும்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அன்று டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் அக்கா. ஒவ்வொரு காசாக லென்ஸ் வைத்துப் பார்த்து ஒதுக்கினார். "தேய்ச்சா மேல்தோலே போயிடும் தம்பி. விளிம்பெல்லாம் மழுங்கிடுச்சு பாரு." கடைசியில் கறுத்துப்போன ஒன்றை எடுத்தார். "இதை மட்டும் ஏன் விட்டுவெச்சே?"

"புளி தீந்துபோச்சுக்கா."

"நல்லவேளை, இது ஒண்ணாவது பொழைச்சுது. இதைத் தொடைக்காதே. குறி தெரியற மாதிரி படம் எடுத்துப் போடு. அடுத்த வாரம் உனக்கும் நாற்காலி போடறேன்."

அப்போது உள்ளேயிருந்து டீ வந்தது. டம்ளர்களை எண்ணாமலே, எனக்கு இல்லை என்று தெரிந்தது. வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

வேலை எதுவும் இல்லை. பூந்தமல்லியில் நான் வேலை பார்த்த காயலாங்கடையை இடத்துக்காரர் காலி செய்யச் சொல்லி, மூடிப் பத்து நாள் ஆகியிருந்தது. தாமரைக் காசுகளும் அங்கே பித்தளைக் குவியலில் கிடைத்தவைதான். முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பிறகு நான் எந்த ஊரிலும் முழுசாக இரண்டு வருஷம் இருந்ததில்லை. ஆவடி, கோவில்பதாகை, திருமழிசை என்று அறை மாறும்போதெல்லாம் ஒரு பை அளவுக்குத்தான் சாமான் சேரும். மேனாம்பேட்டு அறைக்கு வந்ததிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் தெரிந்த குரல். அந்த மாடி வீட்டு நாற்காலி எனக்கு வேண்டும் என்று இருந்தது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். ஃப்ளாஷை அணைத்தேன். டியூப் லைட்டுக்கு நேர் கீழே காசை வைத்துக் குனிந்தால் என் தலையின் நிழல் அதன் மேல் விழுந்தது. தள்ளி வைத்தால் விளக்கின் நீளக் கோடு பூவின் குறுக்கே படுத்தது. கிட்டத்தில் பிடித்தால் பெரிதாகத் தெரியும் என்று இரண்டு விரல் உயரத்தில் போனைப் பிடித்தேன். எல்லாம் பனி மூடியது போல மங்கியது. ஒரு சாண் உயர்த்தியதும் எழுத்துகள் தெளிந்தன. ஆனால் கை ஆடியது. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கவிழ்த்து அவற்றின் மேல் போனைப் படுக்க வைத்தேன். டம்ளரின் பளபளப்பு காசில் விழுந்தது. நாற்பது படம் எடுத்து நாற்பதையும் அழித்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முகம் துடைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் கவனித்தேன். என் ஜன்னலுக்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். காற்று வராமல் மறைக்கிறது என்று நான் திட்டாத நாளில்லை. வெயில் அந்தச் சுண்ணாம்புச் சுவரில் பட்டு, அங்கிருந்து சாதுவாகத் திரும்பி, என் தரையில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. பழுப்பு அட்டையைப் போட்டுக் காசை வைத்தேன். டம்ளருக்குப் பதில் இரண்டு ஊறுகாய் டப்பாக்கள். திரையில் வருஷத்தின் மேல் விரலை அழுத்தி வைத்து, மூன்று வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிட்டேன். தாமரையின் ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். வருஷத்துக்குக் கீழே வைரக்கல் மாதிரி ஒரு துளி. பம்பாயில் அடித்ததற்கான குறி.

காட்டுவதற்கு அறையில் யாரும் இல்லை. குழுவில் போட்டுவிட்டு, அரிசி இரண்டு நாளைக்குத்தான் இருந்ததால் வேலை தேடி அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகள் பக்கம் நடந்தேன்.

'ஆள் தேவை' என்று அட்டை தொங்கிய ஒரு பட்டறை வாசலில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. அக்கா எழுதியிருந்தார்: "குறி அழகாத் தெரியுது. ஞாயிறு பத்து மணிக்கு வா."

உள்ளே சூப்பர்வைசர் என் கையில் ஐந்து இரும்பு வளையங்களைக் கொடுத்தார். "இதுல ஒண்ணுல கீறல் கீது. எதுன்னு சொல்லு பாப்போம்."

மேலே விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஐந்தும் ஒரே மாதிரி மின்னின. வாசல் பக்கம் திரும்பி, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி ஒவ்வொன்றாகச் சாய்த்தேன். மூன்றாவதில் மயிரிழை போல ஒரு நிழல்.

"எங்க கத்துகினே?"

"வீட்டுல சார்."

"செக்கிங் டேபிள்ல உக்காரு. வார லீவு வெள்ளிக்கிழமை. ஞாயிறு கண்டிப்பா வரணும், அன்னிக்குத்தான் லோடு போவும். இன்னா, ஓகேவா?"

அவர் கேட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அரிசியை நினைத்தேன். சரி என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்காவுக்குப் பதில் போட்டேன்: "ஞாயிறு வேலைக்கா. நாற்காலி போடாதீங்க." பிறகு டேபிளுக்குத் திரும்பி, விளக்கு இடப்பக்கமாக வரும்படி ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு அடுத்த வளையத்தை எடுத்தேன்.