நெகுலாய் துளையிட்ட பலகை

உண்மையைச் சொல்லுங்கள். குனியாமலே காலுறை மாட்டிக்கொள்ள உதவும் ஒரு வளைந்த பிளாஸ்டிக் தகட்டைக் கடையில் பார்த்தால் உங்கள் வாயில் முதலில் வரும் சொல் எது? 'இதுகூடவா முடியாது, சோம்பேறி' என்பதுதானே?

மினொதோரா அப்படிச் சொல்லமாட்டாள். இத்தாலியின் பதுவா நகரில் ஒர்னெல்லா என்ற முதியவளின் வீட்டில் தினமும் காலையில் அவள் கையில் எடுக்கும் முதல் பொருளே அந்தத் தகடுதான். காலுறையை அதன்மேல் இழுத்து மாட்டி, கயிற்றை ஒர்னெல்லாவின் கையில் கொடுத்துவிட்டு விலகி நிற்பாள். கால் தானாக உள்ளே நுழையும். "பார்த்தியா, நானே போட்டுக்கிட்டேன்" என்று ஒர்னெல்லா ஒவ்வொரு நாளும் சொல்வாள். மினொதோராவும் ஒவ்வொரு நாளும் கை தட்டுவாள். அந்த வீட்டில் ஜாடி திறக்கக் கருவி உண்டு, பொத்தான் மாட்டக் கொக்கி உண்டு, கீழே விழுந்ததை எடுக்க நீண்ட இடுக்கி உண்டு. எதையும் யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை.

மினொதோரா எங்கள் வலேனிக்காரி. ருமேனியாவின் கிழக்கே, வாஸ்லுய் பக்கத்துக் குன்றுகளில் இருக்கும் ஊர். கட்டியவன் குடித்துக் குடித்துக் கடைசியில் காணாமலே போனபின், ஊரின் பாதிப் பெண்களைப் போல அவளும் இத்தாலிக்குப் போகும் வேனில் ஏறினாள். தொலைக்காட்சி பார்த்தே இத்தாலிய மொழி கற்றாள். யார் வீட்டுத் தாயையோ குளிப்பாட்டித் தலை வாரினாள். அவள் அனுப்பிய பணத்தில் பெற்றோரின் கூரை புதிதானது. ஊர் அவளைப் பெருமையாகப் பேசியது. அந்தப் பெருமையைக் கட்டிக் காக்கவேண்டும் என்ற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு.

ஒரு நாள் அப்பா நெகுலாய் தொலைபேசியில் சொன்னார்: "அம்மாவுக்குக் கை கொஞ்சம் மரத்துப்போச்சும்மா. சரியாயிடும்." அது பக்கவாதம். அப்போது ஒர்னெல்லாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. மினொதோராவால் வர முடியவில்லை. பிறகு கைபேசித் திரையில் பேசும்போதெல்லாம் அம்மா பரஸ்கீவா தன் வலது பக்கம் தெரியாதபடியே உட்கார்ந்தாள். மகளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். அப்பா இறந்தபோது வந்தாள். கறுப்புச் சால்வைக்குள் சுருண்டு கிடந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், மண் அள்ளிப் போட்டாள், அடுத்த வேனில் திரும்பிவிட்டாள்.

முதலாண்டு நினைவு நாளுக்கு அவள் வந்தது நவம்பர் மாதத்தில். பெட்டி நிறையச் சாமான், வாய் நிறைய உத்தரவு. பக்கத்தில் இல்லாத பிள்ளைகளின் குற்றவுணர்ச்சிக்கு இந்த இரண்டு வேடங்கள்தான் தெரியும்.

"பந்தை அமுக்கறியா? வாங்கி அனுப்பினேனே?"

"அமுக்கறேன்டி."

"பொய். கை பழக்கினாத்தாம்மா வரும். இந்தக் குளிர்ல வெறும் காலோட நிக்கற! காலுறைய போடு, சளி புடிக்கும்."

"சூடா இருக்குடி எனக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா காலை இழுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நினைவு நாளுக்கு முந்தைய நாள் சர்மாலே சுருட்ட வேண்டும். ஊறவைத்த முட்டைக்கோஸ் இலையில் கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் சுறுசுறுப்பை அளக்கும் கோலே அதுதான். விரல் தடிமனுக்குச் சுருட்டினால் குடும்பப் பெண். முஷ்டி தடிமனுக்குச் சுருட்டினால் சோம்பேறி, எவன் கட்டுவான் என்பார்கள். பரஸ்கீவா சுருட்டியதைச் சின்ன விரலோடு வைத்துப் பார்த்தால் விரல்தான் பருமனாகத் தெரியும் என்று ஒரு காலத்தில் ஊரே சொன்னது.

பக்கத்து வீட்டுச் சவேதாவும் இன்னும் இரண்டு பெண்களும் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். சவேதா தன் மின்சார அரவை இயந்திரத்தையும் கொண்டுவந்திருந்தாள். அது உறுமிக்கொண்டே கறியை அரைத்துத் தள்ளியது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது பரஸ்கீவா ரொட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து, குடிகாரன் புட்டியை எடுப்பதுபோல, ஒரு பலகையை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பலகையின்மேல் சந்தையில் விற்கும் ஒரு பிளாஸ்டிக் கருவி திருகாணிகளால் இறுக்கியிருந்தது. அதில் ஒரு பட்டையும் உருளையும் இருந்தன. அடியில் பலகையை மேசை விளிம்போடு பிடித்து நிறுத்த ஓர் இரும்புக் கவ்வி, இலையின் நுனியைக் குத்தி நிறுத்த ஓரத்தில் ஒரு சிறிய ஆணி. இடது கையால் கவ்வியை முடுக்கினாள். இலையை ஆணியில் மாட்டி, கறியை வைத்து, உருளையைத் தள்ளினாள். விரல் தடிமனுக்கு ஒரு சர்மாலே உருண்டு வெளியே வந்தது.

"அடியே பரஸ்கீவா, என்னடி இது? சிகரெட் சுத்துற மிஷினா?" என்றாள் சவேதா.

"சர்மாலே சுத்தறது."

"அப்போ அழுறதுக்கும் ஒரு மிஷின் வாங்கிடு. நெகுலாய் கல்லறையில வச்சிட்டு வந்துட்டா, அது பாட்டுக்கு அழுதுகிட்டு இருக்கும்."

"அதுக்குத்தான் நீ இருக்கியே. உனக்குக் கரண்டுகூட வேண்டாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சவேதாவுக்குச் சுருக்கென்றது. "சிரிப்பு வேற, சாமி காரியம் வேற. செத்தவங்களுக்குப் படைக்கறது கையால செஞ்சாத்தான் அவங்களுக்குப் போய்ச் சேரும். மிஷின்ல சுத்தினதெல்லாம் சேராது."

கையால் சுருட்டியது சேர்ந்தது என்று எந்தச் செத்தவனும் இன்றுவரை திரும்பிவந்து சொன்னதில்லை. மின்சாரத்தில் அரைத்த கறி மட்டும் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்றும் அங்கே யாரும் கேட்கவில்லை. நல்ல கைகள் உள்ளவர்கள் வைத்திருக்கும் இயந்திரத்துக்குப் பெயர் வசதி. கை விழுந்தவள் வைத்திருந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். இந்த அகராதியை எழுதியவர்கள் யார்?

மினொதோராவின் முகம் சிவந்துவிட்டது. "எடுத்து வைம்மா அதை. ஊர் முன்னாடி மானத்த வாங்காத. நீ சும்மா உட்காரு, நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல."

"அவருக்கு நான்தான்டி செய்யணும்."

"அப்போ கையால செய். பழக்கினா வரும்னுதானே சொல்றேன்?"

பரஸ்கீவா மகளைப் பார்த்தாள். பிறகு பலகையை ஒதுக்கிவிட்டு ஓர் இலையை விரித்தாள். வலது கை, உறைந்துபோன கையுறைபோல இலையின்மேல் விழுந்தது. இடது கை சுருட்டப் போனதும் இலை வழுக்கியது. கறி மேலங்கியில் கொட்டியது. மறுபடி விரித்தாள். மறுபடியும் கொட்டியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. அவள் மேலங்கியைத் துடைத்துக்கொண்டு, செத்த கையை உயிருள்ள கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணவனின் நினைவு நாளுக்குத் தன் வீட்டில் மற்றவர்கள் சமைப்பதை விருந்தாளிபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் தெருவில் பழைய இரும்புக்காரனின் ஒலிபெருக்கி கேட்டது. விருந்துக்காக மினொதோரா கொட்டகையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஓட்டைப் புகைக்குழாயும் வாளிகளும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. உள்ளே போய், அம்மா படுத்திருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, பலகையைக் கவ்வியோடு எடுத்துவந்து இரும்புக்காரனுக்கான குவியலின்மேல் வைத்தாள். கருவி கண்ணில் படாவிட்டால் கை பழகும், அம்மாவின் நல்லதுக்குத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒர்னெல்லாவின் காலுறைத் தகட்டை ஒளித்துவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அங்கே அவள் சம்பளக்காரி. இங்கே மகள். மானம் இங்கேதான் இருந்தது.

மறுநாள் விடிந்ததும் பரஸ்கீவா ரொட்டி அலமாரியின் பின்னால் பார்த்தாள். அடுப்பின் பின்னால், கட்டிலுக்கடியில், கைத்தடியால் துழாவினாள்.

"என்னம்மா தேடற?"

"என் பலகை. மெழுகுவத்தியோட வைக்க அவருக்கு ஒரு தட்டு மட்டுமாவது சுத்தி வைக்கலாம்னு."

"சவேதாக்கா கழுவ எடுத்துட்டுப் போயிருப்பா. நேரமாச்சு, வா" என்றாள் மினொதோரா. பொய் அவள் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தது.

கல்லறையில் பாதிரியார் ஓதினார். தேன் கலந்த கோதுமையைப் பங்கிட்டார்கள். பிறகு முற்றத்தில் மேசைகள் நிறைந்தன. நெகுலாயின் சிநேகிதர் காவ்ரில், டிராக்டர் பழுது பார்ப்பவர், முதல் கோப்பைச் சாராயத்திலிருந்து ஒரு சொட்டை மண்ணில் விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

"இதுல எது பரஸ்கீவா சுத்தினது?"

"அம்மாவால முடியல, சித்தப்பா" என்றாள் கரண்டியோடு நின்ற மினொதோரா.

"ஏன் முடியல? பலகை இருக்குல்ல?" காவ்ரில் சிரித்தார். "குளிர்காலம் பூரா உங்கப்பன் என் பட்டறையிலதானே கிடந்தான்! சந்தையில விக்கிறது ரெண்டு கை இருக்கறவங்களுக்கு. ஒத்தைக் கையால தள்ளினா மேசையெல்லாம் ஓடுது. அதுக்குத்தான் பலகை, அதுக்குத்தான் கவ்வி. வலது கைய பெல்ட்டால இடுப்போட கட்டிக்கிட்டு, இடது கையால சுத்திச் சுத்திப் பாப்பான். 'என்னடா, போலீஸ் புடிச்சிட்டுப் போகுதா?'ன்னு கேட்டேன். 'சும்மா இரு, அவ கை எது வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியணும்'னான். எத்தனை இலை கிழிஞ்சுது தெரியுமா? அந்த வருஷம் நானும் அவனும் கோணல் சர்மாலேதான் தின்னோம்."

மேசை முழுக்கச் சிரித்தது. மறுகோடியில் பரஸ்கீவா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வைத்தது வைத்தபடி இருந்தது. மினொதோரா கரண்டியைப் பானைக்குள் விட்டாள், வெளியே எடுக்கவில்லை.

விருந்தினர்கள் போனதும் அம்மாவின் எதிரில் போய் நின்றாள். "பலகைய நான்தாம்மா இரும்புக்காரன்கிட்ட போட்டேன்."

பரஸ்கீவா தட்டை நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்: "நான் அத நாலு பேர் முன்னாடி வெளிய எடுத்திருக்கக் கூடாதுடி. அத்தனை தூரத்துலேந்து வந்திருக்க, உனக்குத் தலைகுனிவு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்டாள். முடியாதவர்களுக்கு நாம் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த பாடம் இதுதான்: உன் கை விழுந்ததற்கு நீயே வெட்கப்படு.

மறுநாள் மினொதோரா காவ்ரிலோடு இரும்புக்காரனின் கொல்லைக்குப் போனாள். கவ்வி எங்கோ இரும்போடு போய்விட்டது. பிளாஸ்டிக் நொறுங்கிக் கிடந்தது. பலகை மட்டும் விறகோடு அடுக்கியிருந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டான்.

பரஸ்கீவா பலகையை மடியில் வைத்து இடது கையால் தடவினாள். "துளையெல்லாம் அப்படியே இருக்கு. சந்தையில அந்த மிஷின் இன்னும் விக்குது. கவ்வி காவ்ரில் போட்டுத் தருவான்." பிறகு, கணக்குச் சொல்வதுபோல: "ஏழு வருஷம் படைக்கணும் அவருக்கு. ஒண்ணு போச்சு. மிச்சம் இருக்குல்ல."

ஒண்ணு போச்சு. அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பதுவாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் மினொதோராவின் காதில் அந்த இரண்டு சொற்களே இருந்தன.

அங்கே போன மறுநாள் காலையில், காலுறைத் தகட்டின் கயிற்றை இழுத்துக்கொண்டே ஒர்னெல்லா சும்மா கேட்டாள்: "உங்க அம்மா எப்படிம்மா போட்டுக்கறாங்க?"

நவம்பர் குளிரில் மேசைக்கடியில் மறைந்த அந்த வெறும் கால்கள் அப்போதுதான் மினொதோராவின் கண்ணுக்குத் தெரிந்தன. போன வருஷம் வரை போட்டுவிட அப்பா இருந்தார். அதன்பிறகு யாரும் இல்லை. 'சூடா இருக்குடி எனக்கு.' அவளோ, சளி பிடிக்கும் என்று அதட்டியிருந்தாள். அன்று அவள் கை தட்டவில்லை. அந்த வாரமே ஊருக்குப் போன வேனில் ஒரு தகட்டையும் கம்பளிக் காலுறைகளையும் அனுப்பினாள். ஒரு தகட்டால் அடையக்கூடிய கடன் அல்ல அது என்று அவளுக்கும் தெரியும்.

நீங்கள் அவளைத் திட்டவேண்டாம். உங்கள் தெருவிலும் மேசைக்கடியில் கால்களை மறைத்துக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நெகுலாய் செய்ததைச் செய்யுங்கள். உங்கள் வலது கையை இடுப்போடு கட்டிக்கொண்டு, இன்று ஒரு வேளை சமைத்துப் பாருங்கள், சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்று தெரிந்தபின் கட்டை அவிழ்த்துவிட்டு, அவரிடம் போய் எது முடியவில்லை என்று கேளுங்கள். அறிவுரையை வீட்டில் வைத்துவிட்டு, திருகாணியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.