கையைத் தொடைக்கடியில் வையுங்கள், சிஸ்டர்

தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று நர்சுகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். தெரியாதவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது சுலபம், நன்றாகத் தெரிந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும்போதுதான் ரத்தக்கொதிப்பு வரும். பயிற்சி வகுப்பு எடுத்தே பிழைக்கிற சக பாவிகள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். பதினெட்டு வருஷம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் இந்த வேலையைப் பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் தென்காசிக்குத் திரும்பினேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலைப் பிடித்து முதல் வகுப்பை ஆரம்பித்தேன். சீசன் நேரம். ஜன்னலுக்கு வெளியே ஈரத்தலையோடு கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே ஆறு நர்சுகள், ஆறு துணிப் பொம்மைகள்.

துண்டு

ஆறு பேரில் மூத்தவர் பேச்சியம்மாள் சிஸ்டர். பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருஷம். அவர் கை பட்டால் அழுகிற பிள்ளை ஓயும் என்று பெயர். அந்தக் கைதான் எனக்குப் பிரச்சினை. பிள்ளை சப்பத் திணறினால் போதும், ஒரு கையால் தாயின் மார்பைப் பிடிப்பார், மறுகையால் பிள்ளையின் பின்மண்டையை அழுத்துவார். அப்படி அழுத்தினால் பிள்ளை தலையைப் பின்னுக்கு இழுக்கும். வாயில் காம்பின் நுனி மட்டும் அகப்படும். தாய்க்கு வலி, பிள்ளைக்குப் பால் போதாது. இதைச் சொன்னால் ஒத்துக்கொள்வார். அடுத்த நிமிஷம் கை போய்விடும்.

எங்கள் படிப்பின் கடைசித் தேர்வு இதுதான்: ஒரு தாய் பால் கொடுப்பதை ஆரம்பம் முதல் முடிவு வரை, தொடாமல் பார்த்து, வாய்ச்சொல்லால் மட்டும் உதவ வேண்டும். பேச்சியம்மாள் இரண்டு தடவை தோற்றார். கையைத் தொடைக்கடியில் வைத்து உட்காரப் பழகுங்கள் என்றேன். பொம்மையோடு ஒருத்தி தாயாக நடித்தபோதுகூடக் கை வெளியே வந்துவிட்டது. கடைசியில், அருவிக்கு வருகிறவர்களுக்குக் கீழே கடையில் விற்கிற துண்டு ஒன்றை வாங்கிவந்து, அவர் சம்மதத்தோடு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிவிட்டேன். மற்ற ஐந்து பேரும் சிரித்த சிரிப்பில் லாட்ஜ் மேனேஜர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாள் அவரிடம் சொன்னார்: "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வேல தெரிஞ்ச குத்தத்துக்குக் கட்டிப் போட்டிருக்காவ."

புளியறையில் பை சோதனை

வகுப்புக்குத் துணியில் தைத்த மார்பு மாதிரிகள் தேவை. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரம்மா அழகாகத் தைத்துத் தருவார். ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு காரில் திரும்பும்போது, புளியறை சோதனைச் சாவடியில் ஓர் இளம் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார். ஒன்றைக் கையில் எடுத்தவர், என்னவென்று புரிந்ததும் சட்டியிலிருந்து எடுத்த வடையைத் தொட்டவர் மாதிரிப் போட்டுவிட்டார். பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கின்றன. நான் தமிழிலும் இங்கிலீஷிலும் விளக்கினேன். ஒரு மொழியே அதிகம்.

பையை மூடித் தந்தவர் கார் ஜன்னலை விடவில்லை. குரல் தணிந்தது. மனைவி கோமதிக்குப் பிரசவமாகிப் பத்து நாள். பிள்ளை இன்னும் பிறந்தபோதிருந்த எடைக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஏறாவிட்டால் பவுடர் பால் தொடங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேவைப்படுகிற பிள்ளைக்குப் பவுடர் கொடுக்கத்தான் வேண்டும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கோமதிக்குத் தானே கொடுக்க வேண்டும் என்று ஆசை. அன்று செவ்வாய்க்கிழமை. அவர் சொன்னார்: "டப்பா வாங்கி வச்சாச்சு மேடம். அதப் பாக்கும்போதெல்லாம் அவ அழுவுதா. ஒரு எட்டு வந்து பாக்குதியளா?"

மூன்றாவது தேர்வு

மறுநாள் பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கோமதியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகு, அதையே பேச்சியம்மாளின் மூன்றாவது தேர்வாக வைத்தேன். இந்தத் தடவை துண்டு இல்லை. கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் தாமாகத் தொடைக்கடியில் போயின.

கோமதி பிள்ளையை எடுத்து, பின்மண்டையைப் பிடித்து அழுத்தினாள். எங்கோ ஒரு நர்சு பழக்கிவிட்ட பழக்கம். பிள்ளை வளைந்து அலறினான். பேச்சியம்மாளின் தோள் விறைத்தது, கை வரவில்லை. "தாயி, தலைய விட்டுரு. முதுகுலயும் கழுத்துலயும் கையக் குடு. அவன் வயிறு ஒன் வயித்தோட ஒட்டட்டும். அவசரப்படாத. கொட்டாவி விடுத மாரி வாயத் தெறப்பான், அப்பக் கிட்டக் கொண்டா. தாடை மொதல்ல படணும்."

ஒரு தடவை தவறியது. இன்னொரு தடவையும். பிள்ளை கத்திக் கத்திச் சிவந்துவிட்டான். கோமதியின் கண்ணீர் அவன் நெற்றியில் சொட்டியது. எனக்குப் பதினெட்டு வருஷமும் மறந்துபோயிற்று. நான் எழுந்ததே எனக்குத் தெரியாது. பிள்ளையிடமிருந்து கண்ணை எடுக்காமலே பேச்சியம்மாள் கேட்டார்: "மேடம், ஒங்க கை எங்கன போவுது?"

வெள்ளிக்கிழமை

உட்கார்ந்தேன். என் கைகளும் தொடைக்கடியில் போயின. இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை. பிள்ளை அகலமாக வாய் திறந்தான். கோமதி கிட்டே கொண்டுவந்தாள். அலறல் நின்றது. கொஞ்சம் கழித்து, விழுங்குகிற சின்னச் சத்தம் கேட்டது. "வலிக்கலியே" என்றாள் கோமதி, இத்தனை நாள் யாரோ ஏமாற்றியிருந்த மாதிரி. வியாழக்கிழமையும் பேச்சியம்மாள் டியூட்டி முடிந்ததும் போய், எதிரே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை, நானும் பேச்சியம்மாளும் பார்த்துக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரித் தராசில் பிள்ளையைக் கிடத்தினார்கள். எண்ணைப் பார்த்த டாக்டர், எடுத்து மறுபடி கிடத்தச் சொன்னார். அதே எண். ஏறியிருந்தான். டப்பா இப்போதைக்கு வேண்டாம், திங்கட்கிழமை இன்னொரு தடவை காட்டுங்கள் என்றார். போலீஸ்காரர் பிள்ளையைத் தராசிலிருந்து அள்ளிக்கொண்டார். "சிஸ்டர் அப்படி என்ன செஞ்சாவ?" என்று மனைவியைக் கேட்டார். கோமதி பட்டென்று சொன்னாள்: "அவிய என்னத்தச் செஞ்சாவ? சும்மா உக்காந்திருந்தாவ. செஞ்சது நானும் எம்புள்ளையுந்தான்."

அதைக் கேட்டுப் பேச்சியம்மாள் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றுமே செய்யவில்லை என்று பேர் வாங்குவதற்கு இருபத்திரண்டு வருஷ அனுபவமும் ஒரு குற்றாலத் துண்டும் தேவைப்படுகிற தொழில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.